படகுத்துறைக்கு ஒரு வீடு

மார்லிஸ் டோலஃப்சனுக்குக் கரையில் படுத்தால் தூக்கம் வராது. பிர்ச் தீவில் வருடம் முழுக்கக் குடியிருக்கும் ஒரே ஆள் அந்த அம்மாதான். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும், எங்கள் குடும்பம் உட்பட, கோடைக்கு மட்டும் வந்து போகிறவர்கள். காலையில் தகரப் படகில் கரைக்கு வந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்து, மாலையில் திரும்பிப் போவார். ஏரி உறைந்துவிட்டால் அதே வழியில் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டி. பனி உடைந்து இரண்டுமே ஓடாத சில வாரங்கள் மட்டும் கரையில் யார் வீட்டு சோபாவிலாவது முணுமுணுத்துக்கொண்டு படுத்திருப்பார்.

நான் ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, போன குளிர்காலத்தில்தான் மினசோட்டாவுக்குத் திரும்பி, கரையில் அப்பா வீட்டில் தங்கினேன். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் ஊர்சுத்தி.

தீவுக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கரையில் ஒரு ஒடுக்கமான நிலம் இருக்கிறது. கார்களை நிறுத்தக் கொஞ்சம் சரளைத் தரை, சக்கரம் வைத்த ஒரு இரும்புப் படகுத்துறை, அவ்வளவுதான். ஏரி உறைவதற்கு முன் துறையை வெளியே இழுத்துப் போடுவோம். பனி போனதும் மறுபடி உருட்டித் தண்ணீரில் இறக்குவோம். துறை இல்லாமல் அங்கே படகை நிறுத்த முடியாது. ஆள் உயரப் பாறைகள்.

போன வருடம் அந்த நிலத்துக்குப் பக்கத்து வீட்டை வேட் கார்மடி வாங்கினார். ஓய்வு பெற்ற பல் டாக்டர், நகரத்து ஆள். ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரிய வேண்டும் என்று வாங்கியவருக்கு எங்கள் படகுகள் தெரிந்தன. ஊராட்சியின் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தார். குடியிருக்கும் வீடு இல்லாத மனையில் படகுத்துறை கூடாது என்று அதில் இருந்தது. எங்கள் வீடுகளோ தண்ணீருக்கு அந்தப் பக்கம். புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை துறையை இறக்கக் கூடாது என்று நிலப்பயன்பாட்டுக் குழு சொல்லிவிட்டது.

எங்களுக்கு அது எரிச்சல். மார்லிஸுக்கோ தீவு வீட்டை விற்றுவிட்டுக் கரைக்கு வர வேண்டிய நிலை.

"வீடு இல்லாத எடத்துல துறை கூடாது, அவ்வளவுதானே?" என்றார் என்னிடம். "வீட்ட வெச்சுட்டா போச்சு. உன் அப்பா வண்டிய எடுத்துட்டு வா, ஊர்சுத்தி."

குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நிறுத்தி உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கும் குடில்களை, மார்ச்சில் எல்லோரும் அப்புறப்படுத்தியாக வேண்டும். மார்லிஸின் குடில் ஒட்டுப்பலகையில் செய்தது. பளீரென்ற ஆரஞ்சு வண்ணம். உள்ளே ஒரு படுக்கை, சின்ன அடுப்பு, தரையில் தூண்டில் விட ஓட்டை. வழக்கமாக அது யாராவது ஒருவருடைய கொட்டகைக்குப் பின்னால் போய்விடும். இந்த முறை அதைப் பொது நிலத்தில், வேட் கார்மடியின் ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினோம். மார்லிஸ் பட்டன் என்ற தன் பூனையோடு அதில் குடியேறினார்.

வேட் செருப்போடு பனியில் ஓடிவந்தார்.

"இத எப்ப எடுப்பீங்க?"

"எதுக்கு எடுக்கணும்? குடி வந்துருக்கேன். இனிமே நாம அக்கம்பக்கம்."

"இது மீன் பிடிக்கிற பொட்டிங்க."

"அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு, பூனை இருக்கு. உங்க வீட்ல பூனை இருக்கா?"

"இல்ல."

"பாத்தீங்களா."

அதில் கேலியே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மார்லிஸ் உண்மையிலேயே விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் அதைச் செய்தார். ஊராட்சி அலுவலர் வந்து அளந்து, வீடென்று சொல்ல இந்த இடம் போதாது என்றார். மறுநாளே தீவுக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் குடில்களைக் கொடுத்தார்கள். ஒன்று பச்சை, இன்னொன்றில் யாரோ பெரிய மீன் வரைந்திருந்தார்கள், பல்லோடு. மூன்றையும் கதவோடு கதவாகச் சேர்த்து நீலத் தார்ப்பாயால் மூடினோம். புகைக்குழாயிலிருந்து கொடி கட்டி மார்லிஸ் துணி காயப்போட்டார்.

வேட்டின் மனைவி லோர்னா எலுமிச்சைக் கேக்கோடு எட்டிப் பார்த்தார். அடுத்த நாளும் வந்தார். பிறகு கேக் இல்லாமலும் வந்தார்.

ஒரு விடியற்காலையில் காபியோடு போனேன். மார்லிஸ் கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து, கறுத்து இளகிக்கொண்டிருந்த பனிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி பூரா மரலாரி போகுது," என்றார். "அதோ என் ஜன்னல். வெளக்கு இல்லாம கெடக்கு பாரு."

காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விசாரணைக்கு ஊராட்சி மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் ஆர்வில் நைபெர்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மூணையும் சேத்தா அளவு சரியா வருது. ஆனா வீடுன்னா கழிவுத்தொட்டி வேணும், மார்லிஸ்."

"தோண்டிரலாம். அவரு வேலிப் பக்கம்தான் மண்ணு எளகலா இருக்கு. கோடையில கொஞ்சம் நாத்தம் வரும், பழகிடும்."

வேட் எழுந்தார். புகாரை இன்னும் இறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு இந்த வீடு வேண்டாம். துறையையே வெச்சுக்கட்டும்."

"வீடு இல்லாம துறை கூடாதுங்களே," என்றார் ஆர்வில். "நீங்கதான் எடுத்துக் காட்டினீங்க."

"விதிவிலக்குன்னு ஒண்ணு உண்டில்ல?"

"உண்டு. பக்கத்து மனைக்காரர் ஆட்சேபம் இல்லேன்னா குழு குடுக்கலாம்."

"ஆட்சேபம் இல்ல. எழுதிக்குங்க."

"கொஞ்சம் சத்தமா," என்றார் ஆர்வில். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"ஆட்சேபம் இல்லைங்க," என்றார் வேட். மண்டபம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கடைசியில் அவரும் சிரித்தார். படகுகளை அவர் ஜன்னலில் தெரியாதபடி துறையின் மறுபக்கம் கட்ட வேண்டும், இரவில் துறை விளக்கை அணைக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள்.

"வெளக்கு எதுக்கு?" என்றார் மார்லிஸ். "என் வீட்டுக்கு இருட்டுலயே போவேன்."

மே மாதம் துறையை இறக்கிய அன்று எல்லோரும் ரப்பர் உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். வேட்டும் இறங்கினார். அவருடைய புது உடுப்பில் கடை விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள தண்ணி வந்தா சொல்லுங்க," என்றார் மார்லிஸ். "நாங்க சிரிக்கணும்."

வந்தது. சொன்னார். சிரித்தோம்.

பச்சைக் குடிலும் மீன் வரைந்த குடிலும் வண்டியேறிவிட்டன. ஆரஞ்சுக் குடில் வாசலில் லோர்னா நின்றார். "இது மட்டும் இங்கயே இருக்கட்டுமே. காபி குடிக்க நல்லா இருக்கு."

மார்லிஸ் பூனையைப் படகில் ஏற்றி மோட்டார் கயிற்றைப் பிடித்தார். "குழுகிட்ட அனுமதி வாங்கணும் லோர்னா. பக்கத்து மனைக்காரர் ஒத்துக்கணும். கஷ்டமான ஆளு, பாத்துக்க."

இருட்டியதும் தீவில் அந்த ஜன்னல் வெளிச்சமானது. போன் செய்தேன்.

"போன வையி, ஊர்சுத்தி," என்றார். "தூக்கம் வருது."