உச்சிவேளையில் வந்த பெரியப்பா

எனக்குப் பேய் ஓட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் ஓசூர் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பேயை நான் பார்த்தேன். தண்ணீர் கேட்டுக் குடித்தது.

அப்போது பாகலூர்ப் பக்கம் பெரியம்மா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். பெரியப்பா லாரியில் வடக்கே போனவர். விபத்தில் இறந்துவிட்டார் என்று செய்தி மட்டும்தான் வந்ததாம். நான் அவரைப் படத்தில்தான் கண்டிருக்கிறேன். மாலைக்குள்ளிருந்து, வெட்டுப்பட்ட இடது புருவத்தோடு, நான் சாப்பிடும்போதெல்லாம் என்னையே பார்ப்பார். பெரியம்மாவுக்கு பேங்கில் கணக்கு கிடையாது. விதவைப் பென்ஷனைத் தபால்காரர்தான் மாதாமாதம் கொண்டுவந்து கையில் கொடுப்பார். அது வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

அன்று உச்சிவேளை. தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றிருந்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வந்தவர் பெரியப்பா. அதே புருவம். படத்தில் இருந்ததைவிடக் கிழடு தட்டியிருந்தது. செத்தவர்களுக்கும் வயதாகும் போலிருக்கிறது. கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தேன். செருப்பு போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. "தண்ணி" என்றார். 

பெரியம்மா எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருமுனையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசுகிற பெரியம்மா, முன்பின் தெரியாத வழிப்போக்கனிடம் பேசுவதுபோல, "முந்தே ஹோகப்பா" என்று கன்னடத்தில் அவரை மேலே நடக்கச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுப் போனார்.

"பெரியப்பா வந்திருந்தாரு" என்று தபால்காரரிடம் அலறினேன்.

"என்னம்மா சொல்லுது பாப்பா?"

"உச்சிப்பொழுதுல வெளிய நிக்காதன்னா கேக்கறதில்ல. காத்து கருப்பு பட்டிருக்கும்ணா" என்றபடி பெரியம்மா கைநாட்டு வைத்தாள். ரேகை தெரியாமல் மை அப்பிக்கொண்டது. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

சாயங்காலமே பூசாரியைக் கூட்டிவந்தாள். பென்ஷன் பணத்திலேயே கோழியும் எலுமிச்சம்பழமும் வந்தன. பூசாரி வேப்பிலையால் என்னை அடித்து, "இனிமே இந்த வாசப்படி மிதிப்பியா? திரும்பிப் பாக்காம ஓடு" என்று பெரியப்பாவை விரட்டினார். நல்ல கைராசிக்காரர்தான்; பெரியப்பா அதன்பிறகு வரவே இல்லை.

பூசாரி விரட்ட விரட்ட, பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கதறினாள். அடி என் மேல் விழுவதைத் தாங்கமாட்டாமல் அழுகிறாள் என்று நினைத்து, "எனக்கு வலிக்கல பெரியம்மா, அழாத" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன்.