ஜீப்பை உயர்த்திய கதை

நான் பிறந்தது கொழுந்து லொறியில். உடப்புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கொழுந்துச் சாக்குகளின் மேல் அம்மா என்னைப் பெற்றாள். அன்றைய கொழுந்தை ஃபெக்டரியில் எடுத்துக்கொண்டார்களா, கொட்டிவிட்டார்களா என்று லயத்து வீடுகளில் இன்றுவரை விவாதம் நடக்கிறது. எனக்கு அதில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. என் பிள்ளை அப்படிப் பிறக்கக் கூடாது என்றுதான் ஒரு பழைய ஜீப்பை வாங்கினேன். ஹயர் ஓடி, வாடகைக்கு ஆளேற்றிப் பிழைக்கலாம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

மண்சரிவுக்குப் பிறகு எங்கள் ரோட்டின் நடுவில் ஒரு பாறை தலைகாட்டியது. போகும்போதும் வரும்போதும் ஜீப்பின் வயிறு அதில் உரசும். தோட்டத்து ஆபீசில் சொன்னேன். ரோடு பிரதேச சபையுடையது என்றார்கள். பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்துடையது என்றார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பாறையோடு சண்டை பிடிக்க முடியாது. ஆகவே ஜீப்பை உயர்த்தினேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைச் சேசிச் சட்டத்தோடு இணைக்கும் இரும்புகளைக் கழற்றிவிட்டு நீளமானவற்றைப் போட்டேன். பாறை தோற்றது. நானும் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம்தான் ராகலைப் பக்கத்து நல்ல ரோட்டில் ஜீப் வேகம் எடுத்தது. எடுத்ததும் நடுங்கத் தொடங்கியது. சீட் நடுங்கியது, கதவு நடுங்கியது, கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு பஸ் இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் என் மனைவி. எட்டு மாதம். நுவரெலியாவுக்குக் கிளினிக் போய்க்கொண்டிருந்தோம்.

“ஏங்க, நிப்பாட்டுங்க. நான் பஸ்ல போறேன்.”

“கொஞ்ச தூரந்தானே.”

“இதுல வந்தா புள்ள பாதி வழியிலயே எறங்கி நடந்துரும். வலி வந்தாலும் இதுல ஏற மாட்டேன். கொழுந்து லொறியிலயே போய்க்கிறேன்.”

உலகத்தில் எத்தனையோ வாகனங்கள் இருக்க, அவளுக்கு அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. மனது நொந்துபோனது. அன்று கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். யாரும் எழுப்பவில்லை.

மறுநாள் கராஜில் நான்கு சக்கரங்களையும் சமன் பார்த்தேன். நடுக்கம் குறையவில்லை. இது கண்ணேறு என்று முடிவு கட்டிய மாமியார் முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். அவையும் சேர்ந்து நடுங்கின. கடைசியில் நானே ஒரு சாக்கை விரித்து ஜீப்புக்கடியில் படுத்தேன்.

என்ஜின் பக்கத்திலிருந்து பின்னச்சுக்கு ஒரு நீண்ட தண்டு போகிறது. அதைத்தான் புரொப் ஷாஃப்ட் என்கிறோம். அதன் இரண்டு முனையிலும் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு. முன் மூட்டு எவ்வளவு வளைகிறதோ, பின் மூட்டும் அவ்வளவுதான் வளைய வேண்டும். இல்லாவிட்டால் தண்டு விட்டுவிட்டுச் சுற்றும், வண்டி ஆடும். நான் போட்ட நீள இரும்பு பின்னச்சைக் கொஞ்சம் உருட்டி, தண்டு வந்து சேரும் அதன் மூக்கை மேலே தூக்கிவிட்டிருந்தது. பாறையை ஜெயித்த கையோடு நானே செய்து வைத்த வேலை.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு போன்ற ஒரு இரும்புத் தகட்டைக் கொடுத்தால் மூக்கு கீழே இறங்கும். இரண்டு தகடுகளை அராவி எடுத்து மாட்டினேன். பெருமையாக ஓட்டிப் பார்த்தேன். முன்பு வேகத்தில் மட்டும் நடுங்கிய ஜீப், இப்போது லயத்து வாசலிலேயே நடுங்கியது.

மாமியார் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தார். “எலுமிச்சம்பழத்தக் கழட்டிட்டீங்களா மருமகன்?”

“கழட்டல அத்த.”

“அப்ப வேற யாரோ பாத்திருக்காங்க.”

தலையைப் பின்பக்கம் வைத்துப் படுத்திருந்ததில் எனக்கு முன்னும் பின்னும் இடம் மாறிப்போயிருந்தது. தகடுகளின் தடித்த பக்கம் நேர்மாறாக உட்கார்ந்திருந்தது. இறங்க வேண்டிய மூக்கு இன்னும் ஏறியிருந்தது. மாமியாரிடம் இதை விளக்கவில்லை. தகடுகளைத் திருப்பி மாட்டினேன். ராகலை வரை போய்த் திரும்பினேன். கண்ணாடியில் ஒரு பஸ் ஒரு பஸ்ஸாகவே தெரிந்தது.

மனைவியை ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை போனேன். வீட்டுக்கு வந்ததும் அவள் ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த பையைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்சீட்டில் வைத்தாள். சக்கரத்தில் காற்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வலி வந்தது ஒரு மத்தியானம். மழை. மாமியார் பின்னால், மனைவி என் பக்கத்தில். பாறையைத் தொடாமல் தாண்டினோம். ராகலை கடந்ததும் ஸ்டியரிங்கில் அந்த நடுக்கம் திரும்ப வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, சேற்றில் படுத்து அடியில் நுழைந்தேன். தகடுகள் இடத்தில் இருந்தன. நட்டுகள் இறுக்கமாக இருந்தன. தண்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

“பாம்பு கீம்பு ஏறிருச்சா?” என்று மாமியார் மேலேயிருந்து கேட்டார்.

நனைந்துபோய் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நடுக்கம் அப்படியே இருந்தது.

“இன்னும் ஆடுது” என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது.

என் மனைவி அப்போதைய வலி போகும்வரை கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி ஸ்டியரிங்கின் மேலிருந்த என் கையை அழுத்திப் பிடித்தாள்.

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலங்க. வண்டி நடுங்கல, நீங்கதான் நடுங்குறீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. போங்க.”