தும்பிக்கை போன யானையும் நஸ்ரீனின் சர்ட்டிபிகேட்டும்

1. சைஸ் செட்

தைத்து வந்த சட்டைகளை மேஜையில் பரப்பியதும் முதலில் சிரித்தது நான்தான். குழந்தைகள் டி-ஷர்ட். நெஞ்சில் ஒரு யானை, உடம்பெல்லாம் பொடிப் பூக்களோடு, தும்பிக்கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிய சைஸ்களில் அழகாக நின்றது. எல்லாவற்றுக்கும் பிரிண்ட் ஒரே அளவு என்பதால், ஆகச் சின்ன சைஸில் தும்பிக்கை முக்கால்வாசி சைடு தையலுக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்தது தின்று கொழுத்த பூனை மாதிரி இருந்தது.

சிரிப்பு உடனே நின்றுவிட்டது. எல்லா சைஸிலும் ஒவ்வொன்று தைத்துக் காட்டுவதற்குப் பெயர்தான் சைஸ் செட். மறுநாள் காலை ஆர்டர் கொடுத்த பையரின் ஆபீஸிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் ஓகே சொன்னால்தான் துணியை மொத்தமாக வெட்டும் பல்க் கட்டிங் போட முடியும். அதைவிடப் பெரிய சங்கடம், அந்த யானையை வரைந்தவள் நஸ்ரீன். அவளைக் கீழே, தைத்த சட்டையில் குறை பார்க்கும் செக்கிங்கிலிருந்து மாடிக்கு, டிசைன் ரூமுக்குக் கூட்டி வந்தது நான்.

நான் மெர்ச்சண்டைசர். பையர் கேட்பதை ஃபேக்டரிக்கும், ஃபேக்டரி செய்ததைப் பையருக்கும் புரியவைப்பது என் பிழைப்பு. இரண்டு பக்கமும் திட்டு வாங்கிப் பழகிப்போனது. ஆனால் அன்றைக்குத் திட்டு எனக்கு மட்டும் விழப்போவதில்லை.

2. போனில் படித்த படிப்பு

நஸ்ரீனுக்கு ஊர் பக்கத்தில் இருக்கும் மண்ணரை. செக்கிங் மேஜையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். நின்று நின்று கால் வீங்கிப்போய், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று போனிலேயே டிசைன் கோர்ஸ் படித்திருக்கிறாள். ஒருநாள் சர்ட்டிபிகேட்டை என்னிடம் காட்டினாள். நானும் சும்மா இருக்காமல் முதலாளியிடம் கொண்டுபோனேன்.

அவர் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, கட்டில்ல படுத்துட்டு போன்ல படிச்சதெல்லாம் ஒரு படிப்புங்களா?"

"ஒரு ஆர்டர் குடுத்துப் பாக்கலாமுங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

"சரிங்க. உங்களுக்காக ஒரே ஒரு ஆர்டர். சரியா வரலீன்னா கீழயே போயிரட்டும். செக்கிங்ல ஆள் பத்தாம கெடக்குது."

அந்த ஒரே ஒரு ஆர்டர்தான் இந்த யானை.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தக் காகிதத்தின் மேல் பெரிய மரியாதை இல்லை. நஸ்ரீனின் சுறுசுறுப்பைப் பார்த்துத்தான் கேட்டேன். அவள் வேலை செய்யும் விதம் வேறு என் பொறுமையைச் சோதித்தது. எங்கள் ரூமில் படம் ஓகே ஆனதும், அதன் பாகங்களைத் தனித்தனி அடுக்காக வைத்திருக்கும் லேயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இவள் காதுக்கு ஒரு லேயர், வாலுக்கு ஒரு லேயர், தும்பிக்கைக்கு ஒரு லேயர் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வைத்திருந்தாள்.

"என்ன நஸ்ரீன், தொட்டில் விசேசமா? ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுட்டு இருக்கற? சேத்து அனுப்பு கண்ணு."

"அனுப்பறதுக்குத் தனியா சேத்துக்கறேங்க்கா. ஆனா இதை இப்படியே வெச்சுக்கறேன். கோர்ஸ்ல கண்டிப்பா சொன்னாங்க."

கோர்ஸ், கோர்ஸ் என்று அவள் சொல்லும்போதெல்லாம் நான் கண்ணை உருட்டுவேன்.

3. பூனை யானையான கதை

முதலாளி சின்ன சைஸைத் தூக்கிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. கொங்கு நாட்டு முதலாளி மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும்.

"அம்மணி, காலைல பையர் வர்றதுக்குள்ள இத சரி பண்ணிருங்க. நாளைல இருந்து அந்தப் புள்ளய கீழ அனுப்பிருங்க."

நஸ்ரீன் கதவருகில்தான் நின்றிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. முதலாளி போனதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தனை வருசம் செக்கிங்ல இருந்தவ. தையல்ல பிரிண்ட் மாட்டற பீஸை நீயே எத்தனை தூக்கிப் போட்டிருப்ப? உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க்கா. கோர்ஸ்ல ஸ்கிரீன்ல ஒரே ஒரு சட்டைதான் காட்டுவாங்க. அதுக்கு சைஸ் கெடையாது, தையல் கெடையாது. அதுமேல வெச்சுப் பாத்தேன், நல்லா இருந்துச்சு. தையல் பாக்கறது செக்கிங் வேலை, இது டிசைன் வேலைன்னு நெனச்சுட்டேங்க்கா."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. மாடி ஏறும்போது செருப்போடு சேர்த்து, தெரிந்த வேலையையும் கீழேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

முழு யானையையும் சின்னதாக்கிவிடலாம் என்றேன். சின்னதாக்கிக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். பொடிப் பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு நெருங்கிவிட்டன. துணியில் இங்க் விட்டால் எல்லாம் அப்பிக்கொள்ளும். யானைக்கு அம்மை போட்டது மாதிரி ஆகிவிடும்.

நஸ்ரீன் அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு விறுவிறுவென்று கீழே போய், பிரிண்ட் இல்லாத சின்ன சைஸ் சட்டை ஒன்றும் சாக்பீஸும் கொண்டுவந்தாள். சட்டையை மேஜையில் விரித்து, தையலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கோடு போட்டாள். பழைய யானையின் பிரிண்டை அதன்மேல் வைத்தாள்.

"ஒடம்பு உள்ளதாங்க்கா நிக்குது. தும்பிக்கை மட்டுந்தான் கோட்டைத் தாண்டுது. அதை மேல தூக்கிட்டா?"

"பூவெல்லாம் மறுபடி வரையணுமே?"

"வேண்டாங்க்கா. தும்பிக்கை தனி லேயர்ல இருக்குதே."

கம்ப்யூட்டரில் தும்பிக்கையைப் பிடித்து, பூக்களோடு மேலே வளைத்துவிட்டாள். யானையின் மற்ற எதையும் தொடவில்லை. நான் டீ வாங்கி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எங்கள் பழக்கப்படி ஒன்றாகச் சேர்த்து மட்டும் வைத்திருந்தால் யானையை மறுபடி முதலிலிருந்து வரைந்திருக்க வேண்டும். பிரிண்டிங் யூனிட்டில் கையைக் காலைப் பிடித்து, அன்றைக்கே துணியில் அச்சடிக்கும் புது ஸ்கிரீன் போட்டு சட்டையும் தைத்துவிட்டோம்.

காலையில் வந்த பையர் ஆபீஸ்காரர் இரண்டு யானையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது பழசவிட நல்லா இருக்கே மேடம். எல்லா சைஸுக்கும் இதையே போட்டுடுங்க" என்றார்.

4. கேட்பவர்களுக்கு

இப்போது செக்கிங் பெண்களில் சிலர் என்னிடம் வந்து, "அந்த கோர்ஸ் எடுக்கலாமுங்களாக்கா?" என்று கேட்கிறார்கள். எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். காகிதத்தைக் காட்டினால் யாரும் நாற்காலி போட்டு உட்காரவைக்க மாட்டார்கள். ஆனால் வேலையை ஒழுங்காகப் பிரித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நஸ்ரீனுக்கு அதுதான் கொடுத்தது. எங்கள் ரூமில் அந்தப் பழக்கம் எங்களுக்கே இல்லை. இப்போது நானும் லேயரைச் சேர்ப்பதில்லை. கோர்ஸில் காட்டும் சட்டைக்குத் தையல் இருக்காது. தையல் உங்களுக்குத் தெரியும். அதை மறக்காமல் மாடிக்கும் எடுத்து வாருங்கள், அவ்வளவுதான்.

அன்று பையர் போன பிறகு முதலாளி டிசைன் ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். நஸ்ரீன் எழுந்து நின்றாள்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மணி, செக்கிங்குக்கு வேற ஆள் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நஸ்ரீன் உட்கார்ந்தாள். வீங்கிய காலை மேஜைக்கு அடியில் நீட்டிவிட்டு வீட்டுக்கு, அப்பாவுக்கு போன் போட்டாள்.

"அத்தா, நாளைக்கும் மாடிதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். நான் போனை வாங்கி, "ஒண்ணுமில்லீங்க, சந்தோசத்துல அழுகறா" என்றேன்.