ஒற்றைக் கைக் கும்பிடு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம். உசிலம்பட்டியில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் மறியல் என்றார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனவர் என் கணவர்.

கட்சிக்கு உழைத்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது கரை வேட்டிகள் மட்டும்தான். ஆனால் கும்பிடு போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பால்காரரைப் பார்த்தாலும் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விடும். "பால் கேக்குறீகளா, ஓட்டு கேக்குறீகளா?" என்று கிண்டல் செய்வேன்.

மறியலில் கைது செய்தால் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அதனால் நான் பாட்டுக்கு மாவாட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. போலீஸ் ஜீப் மீது கல்லெறிந்ததாகச் சொல்லி இவரை மட்டும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். தெருநாயை விரட்டக்கூடக் கல்லைத் தொடாத மனுஷன், அவரா எறிவார்!

ஸ்டேஷனில் அவரைப் பார்க்க விடவில்லை. மறுநாள் காலையில் எஸ்.ஐ. வெளியே வந்து, "ஏம்மா, முழுக்கைச் சட்டை ஒண்ணு கொண்டாங்க. கோர்ட்டுல நீட்டா நிக்கட்டும்" என்றார். அவரை நல்ல மனிதர் என்று நம்பி, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கட்சி வக்கீல் வந்து சேர்வதற்குள் கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். ஜட்ஜம்மா பேப்பரில் கண்ணாக இருந்தார். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார். எஸ்.ஐ.யைப் பார்த்துக்கொண்டே இவர், "இல்லங்கம்மா" என்றார். ஜெயிலுக்குள் போய்விட்டால், என்ன நடந்ததென்று அப்புறம் யாருக்குத் தெரியும்?

கிளம்பும்போது, பழக்கதோஷம், இவர் கும்பிட்டார். இடது கை மட்டும் நெற்றிக்குப் போனது. வலது கை தொங்கியபடியே இருந்தது. சரியாக அப்போதுதான் ஜட்ஜம்மா நிமிர்ந்தார். எங்கள் பக்கம் இடது கையால் யாருக்கும் வெற்றிலைகூடக் கொடுக்க மாட்டோம். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"வலது கைக்கு என்ன?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்கம்மா."

எனக்கு அழுகை வெடித்தது. "அம்மா, அந்தச் சட்டையக் கழட்டச் சொல்லுங்க! காலைல நான்தான் கொண்டாந்து குடுத்தேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது!" என்று கத்திவிட்டேன்.

ஜட்ஜம்மா என்னை அதட்டவில்லை. போலீஸ்காரர்களை வெளியே நிற்கச் சொன்னார். சட்டை இறங்கியது. தோள் முதல் முழங்கை வரை கன்றி வீங்கியிருந்தது. முதுகெல்லாம் லத்தித் தடம். "இப்ப பயப்படாமச் சொல்லுங்க" என்றார். இவர் குழந்தை மாதிரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஜட்ஜம்மா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். ஜெயிலுக்கு அனுப்ப முடியாது என்று சொல்லி, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கல்லெறிந்ததைப் பார்த்தோம் என்று சாட்சி சொல்ல வந்த இருவரை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததே இல்லை. மறியல் எங்கே நடந்தது என்று வக்கீல் கேட்டதற்கு ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். போன வருடம் விடுதலை ஆனார். அடித்தவர்களுக்கு வேறு ஊருக்கு மாறுதல், அவ்வளவுதான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அவருடைய கும்பிடு நெஞ்சுக்கு மேலே ஏறுவதில்லை. நானும் கிண்டல் செய்வதை விட்டுவிட்டேன். ஆனாலும் வாசலில் பால்காரரைப் பார்த்து அந்த இரண்டு கையும் சேரும்போதெல்லாம், அன்றைக்கு அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் பதறி, பார்த்தாரே என்று மனசு குளிர்ந்துபோகிறது.