ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்காரரின் கியர் வண்டி

நான் கேட்டது ஒரு சின்ன ஜப்பான் கார். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, ஏசி ஓட வேண்டும், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். அது என் கணவரின் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. ஒரே மாதத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு மசில் காருக்குப் போய்விட்டது. பானெட் ஒரு கட்டில் நீளத்துக்கு இருக்கும், பின்னால் ஒரு குழந்தைகூடக் கால் நீட்டி உட்கார முடியாது, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் பழைய காலத்து மாடல் நல்லதா, புது மாடல் நல்லதா என்பதுதான் அவருடைய கவலை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு சமயம் அது. வாடகை குறைவு என்று துபாய்ப் பக்கம் அஜ்மானில் குடியிருந்தோம். எனக்கு ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை. கார் லிஃப்டில் போய்வந்தேன். கார் லிஃப்ட் என்றால், தனியாள் ஒருவன் தன் வேனில் மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிப்போவது. சட்டத்துக்கு ஒத்துவராத தொழில். சோதனை நடக்கிறது என்று காதில் விழுந்தால் எங்கள் வேன்காரன் போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவான். நான் பில்டிங்குக்குக் கீழே வெயிலில் டாக்ஸிக்குக் கையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். இப்படி லேட்டாகப் போய்ப் போய் இரண்டு மெமோ வாங்கியிருந்தேன். இன்னொன்று வந்தால் வேலை இல்லை என்று அட்மின் அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

அதை வீட்டில் சொன்னபோது அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்படியானால் வேலையை விட்டுவிடு என்றார். ஏதோ சூடு ஆறிப்போன டீயைக் கீழே கொட்டு என்று சொல்கிற மாதிரி. எனக்கு அந்த வேலை உயிர். மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். வாங்கப்போகும் வண்டிக்கான பணத்தில் என் சம்பளமும் இருந்தது என்பதை அவருக்கு நினைவுபடுத்தினேன். அதற்கும் டிவியைத்தான் பார்த்தார்.

லைசென்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேரும் ஒரே டிரைவிங் ஸ்கூலில்தான் சேர்ந்தோம். நான் கியர் வண்டியிலேயே பழகி, இரண்டாவது டெஸ்டில் பாஸானேன். அவர் ஊரில் அப்பாவின் அம்பாசடரைக் கொடைக்கானல் வரைக்கும் ஓட்டியவராம். இந்த ஊர் போலீசுக்கு அவர் எதற்கு டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போவார், ஃபெயிலாகி வருவார். பாலத்துச் சரிவில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால் அது பின்னாலேயே உருளும். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்த போலீஸ்காரர்தான் காரணம். ஒருவர் முறைத்தாராம், ஒருவர் சென்ட் அதிகமாகப் போட்டிருந்தாராம். கடைசியில் சத்தமில்லாமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிக்கொண்டு பாஸானார். அந்த நாட்டில் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் வைத்திருப்பவர் கியர் வண்டியைத் தொடக்கூடாது. கார்டிலேயே போட்டிருக்கும். நம் ஊரில் அப்படி ஒரு பிரிவு கிடையாது என்பதால் அவருடைய கூட்டாளிகள் யாருக்கும் அது தெரியாது. அவர் சொல்லவும் இல்லை. லைசென்ஸ் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லி எல்லோருக்கும் பிரியாணி போட்டார். பிரியாணி செய்தது நான்.

கூட்டாளிகள் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் அவரோடு ஒரே ரூமில் இருந்தவர்கள், நான்கு பேர். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வண்டிப் பேச்சு ஆரம்பித்த பிறகு அது ஒரு சட்டசபை மாதிரி ஆகிவிட்டது. நான்கில் ஒருவருக்கும் லைசென்ஸ் கிடையாது. ஒருவர் சைக்கிளில்கூடச் சரியாகத் திரும்பத் தெரியாதவர். ஆனால் குதிரைசக்தி என்ன, சிலிண்டர் எத்தனை என்று பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்த படங்களைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்வார்கள். சாம்பார் பட்டால் பதறுவார்கள்.

பேச்சு இரண்டு வண்டிகளில் வந்து நின்றது. ஒன்று கறுப்பு நிறத்தில் பழைய காலத்து வண்டி. ஊரைக் காலி செய்துகொண்டு போகிற ஒரு வெள்ளைக்காரருடையது. அவர் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார், தனியாக ஏசியும் மாட்டியிருந்தார். ஆனால் கியர் வண்டி. இன்னொன்று ஷார்ஜா பழைய கார் மார்க்கெட்டில் பாகிஸ்தான்காரப் பட்டாணியர் ஒருவரிடம் இருந்தது. மஞ்சள் நிறம், புது மாடல், ஆட்டோமேட்டிக். பழசின் தகரம் கனம், சத்தம் கம்பீரம், அரபிகளே திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஒரு கட்சி. புதுசில் ஏர்பேக் இருக்கிறது, வாரண்டி இருக்கிறது என்று இன்னொரு கட்சி. அந்தச் சத்தத்தால் யாருக்கு என்ன லாபம் என்று நான் ஒரு தடவை கேட்டேன். பாவம், பெண்பிள்ளைக்கு எப்படிப் புரியும் என்பதுபோல் சிரித்தார்கள்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. மஞ்சள் வண்டி வந்தால் அதை அவர் தன் ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போவார், நான் மறுபடியும் வேன்காரனின் போனுக்காகக் காத்து நிற்பேன். மூன்றாவது மெமோ வரும், வேலை போகும். கறுப்பு வண்டி வந்தால் எங்கள் வீட்டில் அதை ஓட்டக்கூடியது ஒரே ஒரு ஆள்தான்.

அவரும் அதை யோசித்திருந்தார் என்று நினைக்கிறேன். வாய் முழுக்கப் பழைய வண்டியின் புகழ் பாடினாலும் கால் மஞ்சள் வண்டிப் பக்கமே இழுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டாளி ஒருவர் தீர்ப்புச் சொல்கிற தோரணையில், மஞ்சளையே எடுத்துவிடு, டிராஃபிக்கில் கியர் மாற்றி மாற்றிக் கால் வலிக்கும் என்றார். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆட்டோமேட்டிக்கெல்லாம் லேடீஸ் ஓட்டுறதுண்ணே," என்றேன். "இவரு மலையில அம்பாசடர் ஓட்டின ஆளு. இவருக்குப் போயி அதைச் சொல்றீங்களே."

நான்கு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் என்ற இரண்டு வார்த்தையை அந்த நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. உயிர் போனாலும் பந்தா போகக்கூடாது.

"ஆமா," என்றார் ரசத்தைப் பார்த்துக்கொண்டே. "கியர் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா."

அப்படித்தான் தேர்வு முடிந்தது. எத்தனை பிரிண்ட், எத்தனை பிரியாணி, கடைசியில் ஒரு கரண்டி ரசம் போதுமாக இருந்தது.

யார் பார்க்கப்போகிறார்கள், ஓட்டிவிடலாம் என்பதுதான் அவர் மனதில் இருந்த திட்டம். வெள்ளைக்காரரே வண்டியைக் கொண்டுவந்து எங்கள் பில்டிங் முன்னால் விட்டார். இன்ஷூரன்ஸ் போடுகிற இடத்தில்தான் என் கணவர் மாட்டிக்கொண்டார். அங்கிருந்த மலையாளிப் பையன் கார்டைப் பார்த்தான், வண்டி விவரத்தைப் பார்த்தான், இந்த லைசென்ஸை வைத்து இந்த வண்டியை ஓட்டி இடித்தால் ஒரு காசு கிடைக்காது, உள்ளே வேறு உட்கார வேண்டியிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னான். இவர் வேறு வழி இல்லையா என்று வழிந்தார், ஊரில் இதெல்லாம் பார்ப்பதே இல்லை என்றார். நான் என் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பையன் அதைப் பார்த்துவிட்டு, பிரச்சினை முடிந்தது என்று எழுத ஆரம்பித்தான்.

ஆனால் அதற்குள் அவர் தன் ஆபீஸில் தம்பட்டம் அடித்துவிட்டிருந்தார். ஷார்ஜாவில் ஒரு அலுமினியக் கம்பெனியில் அவருக்கு வேலை, தினமும் கம்பெனி பஸ்ஸில்தான் போவார். இனிமேல் நான் பஸ்ஸில் வரமாட்டேன் என்று டிரைவருக்கு லட்டு கொடுத்து, சீட்டையும் வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே திங்கட்கிழமை காலை என் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்காருவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

கிளட்ச் கல்லு மாதிரி இருந்தது. முதல் சிக்னலிலேயே என் தொடை நடுங்கியது. ஆனாலும் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. வழி முழுக்க அவர் பாடம் நடத்திக்கொண்டு வந்தார்: கிளட்சை மெதுவாக விடு, இங்கே மூன்றாவது போடு, அவனை முந்தாதே. பாலத்துச் சரிவில் டிராஃபிக் நின்றபோது மட்டும் வாயை மூடிக்கொண்டார். நான் ஹேண்ட்பிரேக்கை விட்டு எடுத்தேன். ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை.

கம்பெனி கேட் கண்ணில் பட்டதும் அவர் நெளிய ஆரம்பித்தார். முன்னாலிருந்த கஃபடேரியா ஓரமாக நிறுத்து என்றார். நான் இறங்கி அங்கே ஒரு டீ குடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து கேட்டுக்குள் ஓட்டிப் போவாராம், எல்லோரும் பார்த்து முடித்த பிறகு வண்டியை வெளியே கொண்டுவந்து என்னிடம் கொடுப்பாராம். அரை மணி நேரம்தான், உன் டியூட்டிக்கு ஒன்றும் ஆகாது என்றார். மெமோவைப் பற்றி ஒரு நினைவும் இல்லை. அவருக்கு அது என்றைக்குமே நினைவில் இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம்கூட வரவில்லை. இந்த ஆளுக்காகவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று இளப்பமாக இருந்தது.

நான் நிறுத்தவில்லை. இரண்டாவது கியரில் போட்டு நேராகக் கேட்டுக்குள் விட்டேன். கம்பெனி பஸ் அப்போதுதான் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி உறுமுகிற உறுமலுக்கு அத்தனை தலையும் திரும்பியது. கம்பீரமான சத்தம் வேண்டும் என்றுதானே கேட்டார். பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். லட்டு சாப்பிட்ட டிரைவர் குனிந்து முதலில் அவரைப் பார்த்தார், பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

அவர் கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் தள்ளி நிறுத்தக் கூடாதா," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"இறங்குங்க," என்றேன். "எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."