மைத்துனரின் கைராசியும் அஞ்சு வோல்ட் கார்டும்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுத்தால் என் மைத்துனரின் முகம் நினைவுக்கு வரும், மூடி வைத்துவிடுவேன். இன்று கபாலீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மயிலாப்பூர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுக்க ஆசைப்பட்டேன். படிப்பு பத்தாவதுதான். ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துவிட்ட வெளிநாட்டுப் பெட்டி கிடைத்தது. அதில் திரைக்குப் படம் அனுப்பும் கார்டு மட்டும் இல்லை. பாண்டி பஜார் சந்தில் பழைய கார்டு விற்பவரிடம் போனேன்.

“சாமி, இது அஞ்சு வோல்ட்டு கார்டு. உன் பொட்டி மூணு சொச்சம் வோல்ட்டுன்னா, கார்டு சொருகுற ஸ்லாட்டுல ஒரு தடுப்பு வெச்சிருப்பான், கார்டு உள்ள போவாது. போவலைன்னா திருப்பிக் கொண்டாந்துடு. மல்லுக்கட்டாதே.”

வீட்டில் அந்தத் தடுப்புதான் இடித்தது. திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறக்குமுன் பூஜை போடுவதாகத் தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு நகை ஆசாரியிடம் சின்ன அரம் வாங்கி, “முருகா, முருகா” என்று சொல்லிக்கொண்டே கார்டின் தங்கப் பற்களுக்கு நடுவே, தடுப்புக்கு நேராக, ஒரு பள்ளம் அராவினேன். அழகாக உட்கார்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். புது வண்டிக்கு வைப்பதுபோல நாலு மூலைக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பெட்டி ஆடிக்கொண்டே இருந்தது. சுவிட்சைப் போட வேண்டியவர் மைத்துனர். எங்கள் குடும்பத்தில் கைராசிக்காரர் அவர்தான். கிரைண்டரானாலும் ஸ்கூட்டரானாலும் முதலில் அவர் கைதான் படவேண்டும். பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தார்.

“சீக்கிரம்டா, ராகு காலம் வருது!” என்றாள் என் மனைவி, அவருடைய அக்கா.

ஒரு கால் செருப்போடு ஓடிவந்து போட்டார்.

பெட்டியிலிருந்து புகை எழுந்தது. கற்பூரப் புகை என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மைத்துனர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்றம் வந்த பிறகுதான், கற்பூரம் இன்னும் ஏற்றவேயில்லை என்பது உறைத்தது.

“பத்து முப்பத்தொண்ணு! ராகு காலத்துல போட்டுட்டியேடா!”

“உன் வீட்டுக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டுக்கா! மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

மாமாவாகிய நான் சொன்னேன்: “எல்லாம் நேரம்தான்.”

அதோடு அவர் கைராசி போயிற்று. அடையாறில் அவருடைய சொந்த வீட்டில் பால் காய்ச்சியபோதே, “அடுப்ப நீங்க யாராவது பத்த வைங்க, நான் வாசல்ல நிக்கிறேன்” என்று சிரித்தார். போன மாதம் அவர் பேத்திக்கு அரிசியில் எழுத்து எழுதவைக்கும் நாள். குழந்தை தாத்தாவிடம்தான் கையை நீட்டியது. அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.



படிப்பவர்கள் எங்கள் உறவுக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். பாவம் என்று எனக்காக ராகுவை உள்ளே இழுக்காதீர்கள். கார்டு அஞ்சு வோல்ட், ஸ்லாட் மூணு சொச்சம், அராவியது என் கை.