என் மனைவி செய்தி வாசித்த நாட்கள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளே வந்து உங்களிடம் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்வது எனக்கு நல்லது. கட்டிய மனைவியின் குரல் காதில் விழக் கூடாது என்பதற்காகவே, கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஹெட்போன் வாங்கியவன் நான். சாதாரண ஹெட்போன் இல்லை. மடிக்கணினியில் செருகும் நீள ஒயரோடு, காதை முழுசாக மூடும் ரகம். மாட்டிக்கொண்டால் காதுக்கு ஒன்றாக வடையை வைத்துக் கட்டியது போல இருப்பேன். அது இப்போதும் என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. மெத்தைத் தோல் உரிந்து, கழற்றும்போதெல்லாம் கறுப்புச் செதில்கள் காதில் ஒட்டிக்கொள்கின்றன. அதைப் பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் தோன்றும். ஒன்று, புதிது வாங்க வேண்டும். இன்னொன்று, கூடவே கூடாது.

என் மனைவி பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அப்பா படகில், மகள் கரையில், நடுவில் அலை என்று பேசிப் பழகிய வீடு. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது இங்கே சுற்றிலும் வயல்தான், அலை கிடையாது. ஆனால் அலை இல்லாத குறையை அவள் ஒருநாளும் உணரவில்லை. அடுப்பங்கரையிலிருந்து அவள் கூப்பிட்டால் வரப்பில் நிற்கிற கொக்கு பறக்கும். நானோ வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியில் வேலை செய்கிறவன். யாரோ எங்கோ படுத்துக் கிடந்த ஆஸ்பத்திரிக்கான பில்களைச் சரிபார்க்கும் உத்தியோகம். ஒருநாள் வீடியோ மீட்டிங்கில் சென்னையிலிருந்து மேலாளர் பேசிக்கொண்டிருக்கிறார், நான் மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன். "யோவ், மத்தி வாங்கட்டா, கானாங்கெளுத்தி வாங்கட்டா? மீன்காரம்மா நிக்குது!" என்று ஒரு குரல். கூட்டம் அப்படியே நின்றது. மேலாளர் கொஞ்சம் யோசித்து, "மத்தியே வாங்கச் சொல்லுங்க சார்" என்றார். அந்த வாரமே ஹெட்போன் வீட்டுக்கு வந்தது. மாட்டிக்கொண்டு உட்கார்ந்த முதல் நாள், உலகத்திலேயே பாக்கியசாலி நான்தான் என்று நினைத்தேன். அவள் வாசலில் வந்து நின்று வாயசைப்பது கண்ணாடித் தொட்டி மீனைப் பார்ப்பது போல இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அறிவு அவ்வளவுதான்.

அப்புறம் அவள் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. தைராய்டு, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கொஞ்ச நாள் குரல் அடைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். நாங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வீக்கம் போயிற்று, குரலும் போயிற்று. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நரம்பு சோர்ந்திருக்கிறது, பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம், அதுவரை குசுகுசுவென்றுகூடப் பேச வேண்டாம் என்றார் டாக்டர். வரும் வழியில் பஸ்ஸில் கண்டக்டர் "எங்க இறங்கணும்?" என்று அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஊர்ப் பெயரைச் சொல்வதற்குக்கூட என்னைப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டே நான் டிக்கெட் வாங்கினேன். இருந்தும் வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னேன் தெரியுமா? "இனி ஹெட்போன் வேணாம், வித்துடலாம்." அவள் சிரித்தாள். நான் நகைச்சுவையாளன் என்று நம்பி எனக்கு வாழ்க்கைப்பட்டவள், வேறு வழியில்லை.

வீட்டில் என் பழைய மடிக்கணினி ஒன்று கிடந்தது. பேட்டரி செத்து, சார்ஜர் ஒயரைப் பிடுங்கினால் கண்ணை மூடிவிடும் ஜென்மம். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டும் வசதியை அதில் ஏற்றினேன். அவளுடைய போனிலேயே செய்திருக்கலாம், ஆனால் அதன் ஸ்பீக்கர் இறால் கழுவிய தண்ணீரில் விழுந்ததிலிருந்து இருமல் நோயாளியாகிவிட்டது. மடிக்கணினியை அடுப்பங்கரை மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு குட்டி ஸ்பீக்கரை ஒயர் நீட்டிக் கூடத்துச் சுவரில் மாட்டினேன். சப்பாத்திப் பலகை மவுஸுக்கு மேடையாயிற்று. அவள் அங்கே தட்டினால் எனக்கு இங்கே கேட்கும். ஆனால் அதில் வந்த குரல், ஐயோ, அப்படியே செய்தி வாசிக்கும் அம்மாளின் குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை, கோபமில்லை. "யோவ். சோறு. ஆறிப்போவுது. எழுந்து. வா." வானிலை அறிக்கை போல வரும். நான் அசையாவிட்டால் அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவாள். நாட்டில் ஒரே செய்தி, மணிக்கு ஒருமுறை.

தன் மகளைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் குப்பத்திலிருந்து கூடையோடு வந்து இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூடத்திலிருந்து, "தேங்காய். துருவிக். கொடு" என்று பட்டணத்துப் பெண்குரல். மாமியார் கூடையை இறக்கவில்லை.

"இன்னா மாப்ள, வூட்ல ஆரு அந்தப் பொம்பள?"

"உங்க பொண்ணுதான் அத்தை."

"எம் பொண்ணா? எம் பொண்ணு இவ்ளோ மரியாதையா எப்பப் பேசினா?"

அடுப்பங்கரையில் என் மனைவி குனிந்து வேகமாகத் தட்டினாள். "அம்மா. வாயை. மூடிக்கினு. உள்ள. வா" என்றது செய்தி. "ஆங், இவதான்" என்று மாமியார் கூடையை இறக்கினார்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஒரு மத்தியானம் வரைக்கும். மாமியார் ஊருக்குத் திரும்பியிருந்தார். நான் பில்லில் தலையைக் கவிழ்த்திருந்தேன். சுவரில் ஸ்பீக்கர் பேசியது: "எனக்கு. குரல். வரலன்னா. இன்னா. பண்ணுவ." தேங்காய் துருவச் சொன்ன அதே தொனி. திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "நிம்மதியா வேலை பாப்பேன்" என்று கத்தினேன். திட்டுச் செய்தி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். அவள் ஒரு கையால் கழுத்துத் தழும்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கை கீபோர்டின் மேலேயே இருந்தது. அவள் விரல்பட்ட பொத்தான்களெல்லாம் மஞ்சள் தூள் ஏறி மஞ்சளாகியிருந்தன. கண் சிவந்திருந்தது. ஆத்திரத்துக்கு ஒரு குரல், பயத்துக்கு ஒரு குரல், சும்மா வம்புக்கு ஒரு குரல் என்று அவளிடம் எத்தனை இருந்தன என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. இந்த இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே மாவாக அரைத்துக் கொடுத்திருக்கிறது. நான் அதை நம்பிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் கையை மெல்ல நகர்த்திவிட்டு, நானே தட்டினேன். யாருமே இல்லாத கூடத்தின் சுவரிலிருந்து அந்தச் செய்தி அம்மாள் நிதானமாக அறிவித்தார்: "எனக்கும். பயமா. இருக்கு."

அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாகப் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் ஹெட்போனை ஆணியில் மாட்டிவிட்டு, என் மேசையை அடுப்பங்கரை நிலைப்படி ஓரத்துக்கு இழுத்துப் போட்டேன். முகம் பார்த்தால்தான் செய்தி புரியும் என்று ஆகிவிட்டது. மீட்டிங்கில் கடுகு வெடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும். இப்படியே வாரங்கள் போயின. ஒருநாள் காலையில் மாமியார் கொடுத்தனுப்பிய நெத்திலியைப் பின்வாசலில் காய வைத்திருந்தாள். நான் மேலாளருக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, ரொம்ப நாள் கிடப்பில் கிடந்த படகு எஞ்சின் இழுத்து இழுத்துப் பிடிப்பது போல, "ச்சீ... போ காக்கா!" என்று ஒரு சத்தம். எழுந்த வேகத்தில் மவுஸ் தரையில் விழுந்து உருண்டது. ஓடினேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நான் தவமிருந்த குரலின் முதல் வார்த்தையை ஒரு காக்காய் கொத்திக்கொண்டு போயிருந்தது.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

"காக்காதான் போயிடுச்சே" என்றாள், கரகரவென்று.

முழுக்குரலும் திரும்பவில்லை. வந்தது பாதிதான். கொக்கு இப்போது பயப்படுவதில்லை. அடுப்பங்கரையில் கூப்பிட்டால் கூடத்துக்கு வந்து சேராது. மேசையை நான் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன், அடுப்புப் புகை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேலாளர்கூட ஒருநாள், "இப்பல்லாம் வீட்ல மீன் வாங்குறது இல்லையா சார்?" என்று விசாரித்தார். வாங்குகிறோம், உங்களுக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான் என்றேன். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அந்த மடிக்கணினி, மஞ்சள் பொத்தான்களோடு, அப்படியே இருக்கிறது. எடுத்து வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

குரல் எட்டாததால் இப்போதெல்லாம் கூப்பிட வேண்டுமென்றால் அவள் எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்து நிற்க வேண்டும். வந்து, "யோவ்" என்பாள். அந்த ஒன்று எனக்குப் போதவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்கிறேன். வேலை முடிந்த பிறகும் அந்தத் தோலுரிந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வேன். ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் லேசாகத் தள்ளி வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து மும்முரமாகத் தலையாட்டுவேன். காதில் விழவில்லை என்று அவள் இரண்டாம் முறை கூப்பிடுவாள். மூன்றாம் முறை இன்னும் கிட்டே வந்து, கொஞ்சம் அழுத்தி. அந்த மூன்றாவதில் பழைய அலை ஒன்று கரையைத் தொட்டுவிட்டுப் போகும். நேற்றும் அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. எதுவுமே கேட்காத ஞானியாக உட்கார்ந்திருந்தேன். அவள் மேசையருகில் வந்து நின்றாள், என்னைப் பார்த்தாள், என் மடிக்கணினியைப் பார்த்தாள், கீழே என் முழங்கால் பக்கம் பார்த்தாள்.

"இன்னா, கூப்பிட்டியா?" என்றேன், ஹெட்போனைத் தூக்கியபடி.

"ஒயரு தொங்குது. வந்து துன்னு."